எள்ளி நகுதலும் எள்ளப்பட்டு நகுதலும்

மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்துரைத்த தொல்காப்பியர், அழுகைக்கும் பெருமிதத்துக்கும் முன்பாக நகையை வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறினார். நான்கிலும் முதலிடம் எள்ளலுக்கே. இவ்விடத்து உரை கண்ட பேராசிரியர் ஒரு நுட்பத்தைச் சுட்டிச் செல்கிறார். எள்ளல் இருவகைப்படும், தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது மற்றொன்று என்பது அவர் கருத்து. இப்பகுதியைப் பாடம் சொல்லும்போது முதல் வகைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர் பத்துப் பேர் கை உயர்த்துவர். இரண்டாம் வகைக்குக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அந்த அமைதியைப் பற்றிச் சிறிது சிந்திக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம். கல்லூரி விழா மேடைகளில் இப்போது வேடமேற்று நகைப்பூட்டும் நிகழ்ச்சிகளுக்கே கூட்டம் மிகுதி. ஒரு மாணவர் ஏதேனும் ஒரு பாத்திரமாக மாறி வருகிறார். அப்பாத்திரம் சபையில் சொல்லத் தகாததையெல்லாம் சொல்கிறது, எவரையும் விட்டுவைப்பதில்லை. அரங்கின் ஒரு பகுதி எழுந்து நின்று கைதட்ட, மறுபகுதி தலைகுனிந்து அமர்ந்திருக்கிறது. மறுநாள் பெரியோர் சிலர் வந்து, இத்தகைய நிகழ்ச்சிகளை அடியோடு நிறுத்துங்கள் என்கின்றனர். மாணவர்களோ, சிரிப்பைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் எதற்கு விழாவுக்கு வரவேண்டும் என்று கேட்கின்றனர். இருசாராரும் நம் மதிப்புக்குரியோர். இருவர் கூற்றும் நமக்கு நிறைவு தரவில்லை.

இது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கு அன்று. காவிரிப் படுகைக்கு மிகப் பழக்கமான வழக்கு. மேலட்டூரில் நடைபெறும் பாகவத மேளாவில் இறைவனும் அரசனும் அரங்கேறுவதற்கு முன்பே கோணங்கி வந்து ஆடிச் செல்கிறான். தெருக்கூத்திலும் கட்டியங்காரனுக்கே முதல் உரிமை. அரசனை அழைத்து வருபவனும் அவனே, அரசனைப் பரிகசிப்பவனும் அவனே. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி 1684 முதல் 1712 வரை அரசாண்டவர், பன்மொழி வல்லவர். அவர் தெலுங்கில் இயற்றிய 'சதீதான சூரமு' என்னும் யட்சகானம், மன்னார்குடி இராசகோபாலர் திருவிழாவைக் களமாகக் கொண்டது. திருவிழாவுக்கு வந்த வேதியர் ஒருவர் அங்கே தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணொருத்தியைக் கண்டு மயங்குகிறார். அறம் உரைக்க வேண்டிய குரு ஆசையில் உருக, மாணாக்கன் அவருக்கு அறம் உரைக்கிறான். குருவோ தாம் கற்ற வேதாந்தத்தையெல்லாம் தம் காமத்துக்கு வக்காலத்து வாங்கச் செய்கிறார். பின்னர் அவள் கணவனிடமே சென்று அவளைத் தானமாகக் கேட்கிறார்; கணவனும் கொடுக்கத் துணிகிறான். அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்த நாடகம் இது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அரசன் ஒருவனே இவ்வளவு துணிந்து எழுதியிருக்கிறான் என்று வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. இந்நாடகம் நடந்த அவையில் அமர்ந்திருந்தவர் யாவர் என்றும் கேட்க வேண்டும். கற்றறிந்த வேதியர்கள் அங்கே இருந்திருப்பர். தம்மைப் பற்றிய பரிகாசத்தைத் தம் காதாலேயே கேட்டிருப்பர். அந்த வகையில் இது பேராசிரியர் கூறும் இரண்டாம் வகை நகைக்கு இடமளித்த நாடகம். ஆனால் அந்தப் பெண்ணின் குலத்தார் அந்த அவையில் இல்லை. இருக்க விடப்படவும் இல்லை. இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

எல்லை மீறும் பாத்திர நகைக்குத் தமிழகத்தில் ஒருவரை மட்டும் சுட்டுக என்றால், எம்.ஆர். இராதா அவர்களையன்றி வேறெவரைச் சுட்டுவது? அவர் பிறந்தது சென்னையில் எனினும், அவரை வளர்த்தெடுத்த மேடைகளில் பல இந்த நெல் நாட்டைச் சேர்ந்தவை. 'நடிகவேள்' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியவர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. அவர் பெயரோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்துவிட்ட 'இரத்தக் கண்ணீர்' நாடகத்தை எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு. அந்நாடகம் ஆயிரக்கணக்கான முறை மேடையேறியது. 1954இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைப்படமும் ஆயிற்று.

கதை பலரும் அறிந்ததே. மோகனசுந்தரம் செல்வர் வீட்டுப் பிள்ளை. மேல்நாடு சென்று படித்துத் திரும்புகிறான். தாயை இழிவாகப் பேசுகிறான். ஊரை ஏளனம் செய்கிறான். கட்டிய மனைவி சந்திராவைப் புறக்கணித்துக் காந்தா என்னும் கணிகையின் வீடே கதியெனக் கிடக்கிறான். இறுதியில் செல்வமும் போய், தொழுநோயும் பற்றி, தெருவில் பிச்சை எடுக்கிறான். எழுதிப் பார்த்தால் இது ஒரு சாதாரண நீதிக் கதை. கெட்டவன் கெட்டழிந்தான் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இந்தக் கதைக்காக எவரும் ஒரே நாடகத்தைப் பத்து முறை பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்த்தது மோகனசுந்தரத்தின் வாயை. தாயைப் பழிக்கும் ஒருவனை வெறுக்க வேண்டும் என்பது அறம். ஆனால் அவன் வாய் திறந்தவுடன் அரங்கம் சிரித்தது. அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்த குரல் திடீரென மேலேறிக் கீச்சிடும். அதற்குள் ஒரு சாத்திரமோ சடங்கோ சந்தி சிரித்துவிட்டிருக்கும். மூடநம்பிக்கையைச் சாடுபவனும் அவனே, தாயை உதைக்கத் துணிபவனும் அவனே. எனவே பார்வையாளர் தம்மையறியாமல் அவன் பக்கம் நின்று சிரித்துவிட்டு, அடுத்த நொடியில் எவன் பக்கம் நின்றோம் என்று திடுக்கிட்டனர். அன்றைய நாளிதழில் வந்த செய்தியை அன்றிரவே வசனத்துக்குள் நுழைத்துவிடும் பழக்கமும் இராதாவுக்கு உண்டு. ஆகவே நேற்றுப் பார்த்தவருக்கும் இன்றைய நாடகம் புதிதாக இருந்தது. திரைப்படம் வந்து எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அதன் ஒலிச்சித்திரத்தைத் திருமண வீட்டு ஒலிபெருக்கிகளில் கேட்டு வளர்ந்தோர் நம்மில் உள்ளனர். கதாநாயகி பேசியது நினைவில் இல்லை. நல்லவனாகிய நண்பன் பாலு பேசியதும் நினைவில் இல்லை. தீயவன் பேசியதே நினைவில் நிற்கிறது.

இங்கே நம் நாட்டு நாடக அரங்கின் அமைப்பையும் நோக்க வேண்டும். தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு சேர்ந்த பின்னரே இப்பகுதியில் கூத்துக்கும் நாடகத்துக்கும் காலம் பிறக்கும். அறுத்த தாள் காய்ந்து கிடக்கும் வயலிலோ திடலிலோ கொட்டகை எழும்பும். முதல் வரிசை நாற்காலிகள் மிராசுதாரர்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் உரியவை. உழுதவனும் நட்டவளும் பின்னால் தரையில் அமர்வர். அத்தகைய அரங்கில், சொத்துள்ள வீட்டுப் பிள்ளை ஒருவனின் ஆணவத்தை அவன் வாயாலேயே வெளிப்படுத்திக் காட்டுவது என்பது முதல் வரிசையைப் பார்த்துப் பேசுவதே ஆகும். பின்வரிசை சிரித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டுவதில்லை. முதல் வரிசையும் எழுந்து போகாமல் அமர்ந்து சிரித்ததுதான் அக்கலையின் வெற்றி என்பது நம் கருத்து.

இராதாவைப் போற்றுவோர் இத்துடன் நிறுத்திக்கொள்வர். நாம் நிறுத்த இயலாது. மோகனசுந்தரத்துக்கு நேர்ந்த தண்டனை எது? தொழுநோய். நாடகத்தின் பிற்பகுதி முழுதும் நோயாளியின் தோற்றமும் நடையும் காட்சிப் பொருளாகின்றன. பார்ப்போர் அஞ்சுகின்றனர், அஞ்சிக்கொண்டே சிரிக்கின்றனர். அந்நோய் ஒழுக்கக் கேட்டால் வருவதன்று. ஒருவகை நுண்ணுயிரால் வருவது. அதற்கு மருந்து 1940களிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்த பின்னர் முழுமையாகக் குணமாகும் நோயாகவும் ஆயிற்று. கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் தொழுநோயாளர்க்கென்றே மருத்துவமனை இயங்கிவந்ததை நம் பகுதியினர் அறிவர். அந்த நோயாளர் ஒருவர் இந்நாடகத்தைப் பார்க்க வந்திருந்தால், எங்கே அமர்ந்திருப்பார்? முதல் வரிசையிலும் அன்று, கடைசி வரிசையிலும் அன்று, கொட்டகைக்கு வெளியே. பாவத்தின் கூலி இந்நோய் என்று பாமரர் மனத்தில் பதிந்திருந்த எண்ணத்தைப் பகுத்தறிவு பேசிய நாடகமே மேலும் அழுத்திவிட்டுச் சென்றது. சாத்திரங்களின் தலைமேல் ஏறி மிதித்த கலைஞர் இந்த ஒரு மூடநம்பிக்கையின் எதிரே மட்டும் கட்டுண்டு நின்றார். செல்வரை எள்ளியபோது செல்வர் எதிரே இருந்தனர். நோயாளரை எள்ளியபோது நோயாளர் எதிரே இல்லை. அதே நடிகர், அதே மேடை. ஆயினும் முன்னது துணிவு என்றும் பின்னது துணிவன்று என்றும் நாம் கூறுவோம்.

அதே 1954ஆம் ஆண்டில் இராதா இராமாயணத்தை நாடகமாக்கி நடித்தார். 'கீமாயணம்' என்னும் பெயரில் பேசப்பட்ட அந்நாடகம் தமிழகத்தையே இரண்டாகப் பிளந்தது எனலாம். பக்தர்கள் கொதித்தெழுந்தனர், தந்தை பெரியாரின் இயக்கத்தார் அரணாக நின்றனர். மனம் புண்படும் எனக் கருதுவோர் தம் நாடகத்துக்கு வரவேண்டா என்று அவர் முன்னரே அறிவித்துவிட்டதாகவும் சொல்வர். அவ்வாண்டிலேயே சென்னை மாகாண நாடக நிகழ்ச்சிச் சட்டம் பிறந்தது. ஆட்சேபத்துக்குரியது என்று அரசு கருதும் நாடகத்தைத் தடுக்க அச்சட்டம் வழிசெய்தது. அது இராதா ஒருவரை மனத்திற் கொண்டே இயற்றப்பட்டது என்பது பரவலான கருத்து. சட்டம் அவரோடு நிற்கவில்லை. அவர் 1979இல் மறைந்த பின்னும் அது பிற நாடகக் குழுக்களின் தலைமேல் தொங்கிக்கொண்டே இருந்தது. எழுத்தாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013ஆம் ஆண்டில்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் சில பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. ஒருவரை அடக்கச் செய்த பூட்டு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் எல்லார் வீட்டுக் கதவிலும் கிடந்திருக்கிறது. தடை கேட்கும் பெரியோர் இந்த அறுபது ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என வேண்டுகிறோம்.

பிறர் நம்பிக்கையை எள்ளும் நாடகத்தை நாம் விரும்புகிறோமா என்று எவரேனும் கேட்கலாம். விரும்பவில்லை என்பதே நம் விடை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் ஒரு சமூகத்தார் மற்றொரு சமூகத்தாரை எள்ளுவதை விலக்குகிறது. எள்ளப்படுவோர் எள்ளுவோரினும் மேலானவராக இருக்கக்கூடும் என்னும் காரணத்தையும் அங்கேயே காட்டுகிறது. அந்த வசனத்தை ஓதும் நாம், இராமனை வழிபடும் அண்டை வீட்டார் மனம் நொந்தபோது அது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று வாளா இருத்தல் முறையாகாது. ஆயின், விரும்பாமை வேறு. காவல்துறையை அழைத்தல் வேறு.

நம் சமூகத்துக்கும் இச்சோதனை வந்தது. சோ இராமசாமி அவர்களின் 'முகமது பின் துக்ளக்' 1968இல் நாடகமாக மேடையேறி, 1971இல் திரைப்படமாக வந்தது. டில்லியை 1325 முதல் 1351 வரை ஆண்ட சுல்தானும் அவர் காலத்தில் இந்தியா வந்த பயணி இப்னு பதூதாவும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, இருபதாம் நூற்றாண்டு அரசியலில் புகுவதாகக் கதை. தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியதும் செம்பு நாணயம் வெளியிட்டதுமாகிய வரலாற்றுத் துக்ளக்கின் பிழைகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அந்தப் பெயரை முகமூடியாக அணிந்துகொண்டு சோ தாக்கியது அக்காலத்து ஆட்சியாளரையும், அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிய மக்களையும். படத்துக்கு ஆளும் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. இசுலாமிய மன்னர் ஒருவரைக் கோமாளியாக்கிவிட்டனர் என்று நம்மவரிடையேயும் வருத்தம் எழுந்தது. படத்தின் தொடக்கத்தில் இறைவனைப் போற்றி வாலி எழுதி, எம்.எஸ். விசுவநாதன் தாமே இசையமைத்துப் பாடிய பாடல் இடம்பெற்றது. நம்மில் பலர்க்கு இன்று படம் மறந்துவிட்டது, பாடல் மறக்கவில்லை.

இப்போது அமைதியாக எண்ணிப் பார்த்தால், அந்தப் படத்தில் எள்ளப்பட்டது நம் சமயமும் அன்று, சமூகமும் அன்று. இறந்துபோன அரசர் ஒருவரின் பெயர் அது. அவரை நம் முன்னோர் என்று நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைய வருத்தத்தைச் செலவிட்டிருக்க வேண்டிய இடம் வேறு. துக்ளக்கை விட எத்தனையோ மடங்கு மலிவான ஒரு பாத்திரம் தமிழ்த் திரையில் நெடுங்காலம் உலவியது. தொப்பியும் கைலியும் அணிந்து, 'நம்பள், நிம்பள்' என்று உடைந்த தமிழ் பேசிக்கொண்டு வரும் பாய் வேடத்தையே குறிப்பிடுகிறோம். உமறுப்புலவரும் குணங்குடி மஸ்தான் சாகிபும் எழுதிய மொழி எவருடைய தாய்மொழி? நாகூரில் பிறந்த குலாம் காதிறு நாவலர் எந்த மொழியில் நாவலரானார்? இராசகிரியிலும் பண்டாரவாடையிலும் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் தாலாட்டு எந்த மொழியில் பாடப்படுகிறது? இத்தனைக்கும் பிறகு, தமிழ் தெரியாதவன் என்பதே நம் வேடத்தின் அடையாளமாக இருந்தது. (உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட நம் சகோதரர்கள் தஞ்சை நகரிலேயே வாழ்கின்றனர். அவர்கள் பேசும் தமிழைச் சிரிப்புக்கு உரியதாக்குவதும் நமக்கு உடன்பாடன்று.)

இந்தப் பாய் வேடம் எல்லையை மீறியதா? ஒரு நூலிழையும் மீறவில்லை. பார்வையாளர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்த ஒன்றை அவர்களிடமே திருப்பித் தந்து கைதட்டு வாங்கிக்கொண்டது, அவ்வளவே. மோகனசுந்தரம் பேசியபோது அரங்கத்துக்குள் ஓர் அச்சம் இருந்தது, அடுத்த சொல் யார்மேல் விழுமோ என்று. பாய் வேடம் வந்தபோது அந்த அச்சம் எவருக்கும் இல்லை. ஆகவே, துணிச்சலான நகைச்சுவை என்று மாணவர்கள் பெருமை பேசும்போது, துணிந்தது எதை எதிர்த்து என்று நாம் கேட்கிறோம். விடுதியில் உடன் தங்கியுள்ள ஒருவனின் நிறத்தையும், அவன் ஊர்ப் பேச்சையும், நடையில் பெண்மை தோன்றும் தோழனையும் மேடையில் நடித்துக் காட்டுவதற்கு என்ன துணிவு வேண்டும்?

மேல்நாட்டிலும் இதே வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. சாச்சா பேரன் கோகன் என்னும் ஆங்கிலேய நடிகர் 'போராத்' என்ற கசகஸ்தான் செய்தியாளராக வேடமிட்டு எடுத்த படம் 2006இல் வந்தது. நாகரிகம் அறியாத அந்த வேடத்தின் முன்னே அமெரிக்கர் சிலர் தம் உள்ளத்து வெறுப்பைத் தாமே கொட்டிவிட்டனர். அந்த மட்டில் அது கூர்மையான கலை. கசகஸ்தான் அரசு முதலில் சினந்தது. 2020இல் அந்நாட்டுச் சுற்றுலாத் துறையே அப்பாத்திரத்தின் பேச்சொன்றைத் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. எள்ளப்பட்டவர் நகைத்ததற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஆனால் கசகஸ்தான் கிராமம் என்று காட்டப்பட்டது உண்மையில் உருமேனியா நாட்டின் குளோத் என்னும் ஏழைச் சிற்றூர். எதற்காகப் படம் எடுக்கிறார்கள் என்று தெரியாமல் ஏமாற்றப்பட்டோம் என அவ்வூரார் மனம் நொந்து வழக்குத் தொடுத்தனர். அவர்கள் இன்றுவரை நகைக்கவில்லை.

பெரியோர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை எடுத்துக்காட்டி, எவர் மனமும் நோகாமல் சிரிக்கவைத்தவர் அவர் அல்லரோ என்பர். நந்தனார் கதையைக் கிந்தனாராக்கி, சேரிச் சிறுவனைத் தில்லைக்கு மாறாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் அவர். அக்கதையால் எவர் மனமும் நோகவில்லை என்று நாம் நம்புவதற்கில்லை. நொந்தவர் இனிய குரலில் மயங்கி அதை வெளியே சொல்லவில்லை, அவ்வளவே. கலைவாணரின் இனிமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. இராதாவின் காரமும் சில வேளைகளில் தேவைப்படுகிறது.

நம் இலக்கியத்திலேயே இக்காரத்துக்கு முன்னோடி உண்டு என்பதை மாணவர்க்கு நினைவூட்டுகிறோம். நொண்டி நாடகம் என்னும் சிற்றிலக்கிய வகையில் ஒரே ஒரு பாத்திரம் தோன்றித் தன் கதையைத் தானே சொல்கிறது. அவன் திருடன், பரத்தையர் வீட்டில் பொருளெல்லாம் தொலைத்தவன், குதிரை திருடப் போய்ப் பிடிபட்டுக் கால் இழந்தவன். ஒற்றைக் காலால் குதித்துக்கொண்டே, தன் களவையும் காமத்தையும் சிறிதும் கூச்சமின்றிச் சிந்தில் பாடுகிறான். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரால் அமைந்த நொண்டி நாடகத்தில், அப்படிப்பட்ட ஒருவன் வள்ளலின் ஆதரவு பெற்று மக்கா சென்று, இழந்த உறுப்புகளை இறையருளால் மீளப் பெறுகிறான். கயவன் ஒருவனின் வாய்மொழியைக் கேட்டு நகைப்பதை நம் முன்னோர் சமயத்துக்குப் பகையாகக் கருதவில்லை என்பது இதனால் பெறப்படும். இன்னொன்றும் கருதத்தக்கது. நோய்க்கும் ஊனத்துக்கும் அங்கே ஆறுதல் உண்டு. இரத்தக் கண்ணீரில் மோகனசுந்தரத்துக்குக் கிடைப்பது, பிறர்க்குப் பாடமாக நிற்க ஒரு சிலை மட்டுமே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நகையுணர்வைப் பற்றியும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். தமக்குச் சுவனம் கிடைக்க வேண்டுமென்று வேண்டி நின்ற மூதாட்டியிடம், முதியவள் எவளும் சுவனம் புகமாட்டாள் என்று அவர்கள் கூறியதாகவும், அவர் அழுதுகொண்டே திரும்ப, முதுமை நீங்கி இளமை பெற்றே அவர் சுவனம் புகுவார் என்று அவருக்குத் தெரிவிக்கச் செய்ததாகவும் திர்மிதீ அவர்களின் 'ஷமாயில்' தொகுப்பில் ஓர் அறிவிப்பு உண்டு. அம்மூதாட்டியைப் பற்றி வேறொரு சபையில் சொல்லிச் சிரித்ததாக அறிவிப்பு இல்லை. நேர் எதிரே சொல்லப்பட்டது. அழுகையில் விடப்படவும் இல்லை.

எனவே தடை வேண்டா என்பது நம் துணிபு. நம் முத்தமிழ் மன்றத்தார் தம் நாடகங்களுக்கு ஒன்றே ஒன்றை மட்டும் விதியாக வைத்துக்கொள்ளலாம். எவரை வேடம் கட்டி எள்ளப் போகிறார்களோ, அவரையோ அவர் வீட்டாரையோ முதல் வரிசையில் அமர்த்திவிட்டுத் திரையை விலக்கட்டும். அவ்வாறு அமர்த்தக் கை கூசுமானால் அந்த வேடத்தை விட்டுவிட்டு வேறொன்று தேடட்டும்.

வேடங்களுக்குப் பஞ்சம் இல்லை. நம் ஊர்களுக்குள்ளேயே ஒரு மோகனசுந்தரம் நெடுநாளாக நடமாடுகிறான். அவனை இன்னும் எவரும் உரியவாறு மேடையேற்றவில்லை. சபுராளியைச் சொல்கிறோம். முன்பு மலாயாவிலிருந்தும் சைகோனிலிருந்தும் வந்தான். இப்போது வளைகுடாவிலிருந்து வருகிறான். அங்கே எட்டுப் பேர் நெருங்கிப் படுக்கும் அறையில் இரும்புக் கட்டிலில் மேல்தட்டில் உறங்கியவன், ஊரில் இறங்கியதும் வாசனைத் திரவியம் மணக்க, மின்விசிறி காற்று போதவில்லை என்று தாயிடம் எரிந்து விழுகிறான். காவிரித் தண்ணீர் தொண்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறான். மார்க்க மேடையில் வரதட்சணையைக் கண்டித்து நன்கொடை அறிவித்துவிட்டு, தம்பிக்குக் கைக்கூலி பேச அன்று மாலையே பெண் வீட்டுத் திண்ணையில் அமர்கிறான். கடற்கரையூர்களில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தே ஆகவேண்டிய தந்தையர் பெருமூச்சும் அவனுக்குத் தெரியும். அவனும் ஒரு பெண்ணுக்குத் தந்தையே. அவனை வில்லனாக்கினால் நாடகம் கெட்டுவிடும். அவன் பேச்சில் அரங்கம் மயங்கிச் சிரிக்க வேண்டும். அந்த இரும்புக் கட்டிலும் ஒரு காட்சியில் வரவேண்டும்.

இந்நாடகத்தை எழுதி நடிக்க முன்வரும் மாணவர்க்கு ஒத்திகைக்கு இடம் தரத் தமிழ்த்துறை காத்திருக்கிறது. எழுத்துப்படியை முன்னதாகக் காட்டுமாறு கேட்கமாட்டோம். முதல் வரிசை நாற்காலிகளில் ஊர் சமாஅத்தாரையும், விடுமுறையில் வந்திருக்கும் சபுராளிகளையும் அமர்த்தும் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்கிறோம். அவர்களில் இருவர் மூவர் பாதியில் எழுந்து போகக்கூடும். வாயிற்படி வரை உடன் சென்று வழியனுப்பி, அடுத்த ஆண்டுக்கும் அவர்களுக்கு அழைப்பு அனுப்புவோம்.